உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை

சில வருடங்களுக்கு முன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்த்தேன். சின்னக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். வாடிக்கையாளர்கள் எல்லாம் இங்கிலாந்தில். மதியம் ஒன்றரைக்கு உட்கார்ந்தால் இரவு பத்தரைக்கு கேப். ஒரு நாள் ஒரு பேக்கரிக்கார அம்மா கூப்பிட்டார். கடை சாத்தும் நேரத்தில் கணக்குப் பார்த்தால் பதினேழு பவுண்டு இடிக்கிறது என்றார். கல்லாவில் ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறேன், அவளைத்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்றும் சொன்னார். நான் என் பக்கத்து லாகைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. டிக்கெட்டை 'பயனருக்குப் பயிற்சி தேவை' என்ற வகையில் போட்டு மூடப்போனேன். போனை வைப்பதற்கு முன்னால் அவர் கேட்டார்: வேறு யாருக்காவது இப்படி வருகிறதா, எனக்கு மட்டும்தானா?

"உங்களுக்கு மட்டும்தான் மேடம்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான். என் பெயருக்கு வரும் டிக்கெட்டுகளைத்தான் நான் பார்ப்பேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவனுக்கு என்ன வந்தது என்பது அவன் சொன்னால்தான் தெரியும். டெவலப்பர்களுடைய பக் பட்டியல் வேறொரு மென்பொருளில் இருந்தது, அதற்கு எங்களுக்கு லாகின் கிடையாது. மூன்று வாரம் கழித்து டீக்கடையில் நிற்கும்போது டெவலப்பர் ஒருவனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அந்த பாதி ரீஃபண்ட் விஷயமா? ரெண்டு தடவை கழிக்கும். அது மார்ச்லேர்ந்து இருக்கே மச்சி, பேக்லாக்ல கெடக்கு" என்று சொல்லிவிட்டு சமோசா வாங்கப் போய்விட்டான்.

இதை நான் மறந்தே போயிருந்தேன். 2024 ஜனவரியில் பிரிட்டனின் ஐடிவி நான்கு பாகத் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. அதில் ஒரு கிராமத்து அம்மா ஹெல்ப்லைனில் பேசிக்கொண்டே பட்டனை அழுத்துவார், கண் முன்னாலேயே திரையில் பற்றாக்குறை இரண்டு மடங்காகும். அவருக்கும் அதே பதில்தான்: வேறு யாருக்கும் இப்படி வருவதில்லை. அன்றைக்குத் தூக்கம் போனது. அடுத்த சில மாதங்கள், 2019இல் நீதிபதி ஃப்ரேசர் எழுதிய தீர்ப்பையும் விசாரணை ஆணையத்தின் சாட்சியங்களையும் துண்டு துண்டாகப் படித்தேன். இந்த ஊழலைப் பற்றிச் சட்டக் கோணத்திலும் அரசியல் கோணத்திலும் நிறைய வந்துவிட்டது. ஒரு முன்னாள் சப்போர்ட் ஆள் எப்படிப் படிப்பான் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் என் கண்ணுக்கு இது இரண்டு பட்டியல்களின் கதை. ஒன்று, கூப்பிட்டவர்களின் பட்டியல். இன்னொன்று, தெரிந்த பிழைகளின் பட்டியல்.

*

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பெரும்பாலான தபால் நிலையங்களை நடத்துபவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. ஊரில் மளிகைக்கடையோ வாழ்த்து அட்டைக் கடையோ வைத்திருப்பவர், அதிலேயே ஒரு கவுன்ட்டர் போட்டு ஒப்பந்தத்தில் போஸ்ட் ஆபீஸ் நடத்துவார். சப்-போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். பென்ஷன், தபால்தலை, மின்கட்டணம் எல்லாம் அங்கேதான். கவனக்குறைவால் பணம் குறைந்தால் அதை அவர் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். போஸ்ட் ஆபீஸோ எந்தப் பற்றாக்குறை வந்தாலும் அது அவர் கடன் என்றே நடத்தியது. காகிதக் கணக்கு இருந்த காலத்தில் இது பெரிய தொல்லை இல்லை. தவறு நடந்தால் பழைய தாள்களைப் புரட்டி எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம்.

1996இல் ஐசிஎல் கம்பெனியோடு ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். முதலில் அது அரசு உதவித்தொகையைக் காந்த அட்டை மூலம் கொடுக்கும் திட்டம். 1999 மே மாதம் அந்த அட்டையைக் கைவிட்டார்கள், மீந்த எலும்புக்கூட்டைத் தபால் நிலையக் கணக்கு மென்பொருளாக மாற்றி 'ஹொரைசன்' என்ற பெயரில் 1999 கடைசியிலிருந்து கிளை கிளையாக நிறுவினார்கள். ஐசிஎல் அப்போதே ஜப்பானின் ஃபுஜித்சு கையில் இருந்தது, 2002இல் பெயரும் ஃபுஜித்சு சர்வீசஸ் ஆனது. ஃபுஜித்சுவின் ஐரோப்பியத் தலைவர் 2024 ஜனவரியில் ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்டார்: 1999லேயே 29 பிழைகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. ஆரம்பத்திலிருந்தே பிழைகள் இருந்தன, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அது தெரியும்.

பிழை இருந்ததில் எனக்கு அதிர்ச்சி இல்லை. மென்பொருள் என்றால் பிழை இருக்கும். ஆயிரக்கணக்கான கிளைகளில் ஓடும் மென்பொருளில் 29 என்பது குறைவு என்றுகூடச் சொல்வேன். என்னை உட்கார வைத்தது அந்தப் பிழைகளை அவர்கள் எப்படிப் பதிந்து வைத்தார்கள் என்பதுதான். ஏனென்றால் மோசமாகப் பதியவில்லை. எங்கள் கம்பெனியைவிட நன்றாகவே பதிந்திருந்தார்கள்.

ஒரு சப்-போஸ்ட்மாஸ்டர் புதன்கிழமை மாலை கணக்கு முடிக்கிறார், ஆயிரம் பவுண்டு குறைகிறது. கூப்பிட இரண்டு எண்கள். ஒன்று போஸ்ட் ஆபீஸே நடத்தும் வணிக உதவி மையம், 'இதை எப்படிச் செய்வது' என்ற கேள்விகளுக்கு. இன்னொன்று ஃபுஜித்சு நடத்தும் ஹொரைசன் ஹெல்ப்டெஸ்க், கம்ப்யூட்டர் கோளாறுக்கு. பணம் குறைவது எந்த வகை? ஹெல்ப்டெஸ்க், 'இது கணக்குப் பிரச்சினை, அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்னும். அந்த எண், 'கம்ப்யூட்டர் பிரச்சினை போலிருக்கிறது, ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுங்கள்' என்னும். சப்போர்ட் வேலை பார்த்த யாருக்கும் இந்தப் பந்தாட்டம் தெரியும். நாங்களும் ஆடியிருக்கிறோம்.

பந்து நல்லபடியாக ஹெல்ப்டெஸ்க் பக்கம் விழுந்தால் அங்கே நான்கு படிகள். முதல் படியில் போனை எடுப்பவர். இரண்டாம் படியில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர். மூன்றாம் படி, பிராக்னெலில் இருந்த எஸ்எஸ்சி என்ற குழு, அவர்கள்தான் உண்மையில் லாகைத் திறந்து பார்ப்பார்கள். நான்காவது படி டெவலப்பர்கள். முதல் படியில் அழைப்புக்கு ஒரு எண். மூன்றாம் படிக்குப் போனால் 'பின்ஐசிஎல்' என்ற பதிவு, பிற்பாடு அதன் பெயர் 'பீக்'. அந்தப் பதிவிலேயே ஹெல்ப்டெஸ்க் அழைப்பின் எண்ணும் இருக்கும். ஆக, இன்றைக்கு நாம் பெருமையாக 'இன்டக்ரேஷன்' என்று சொல்வது அவர்களிடம் 2000த்திலேயே இருந்தது. குழாய் போட்டிருந்தார்கள்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. 'நோன் எரர் லாக்', தெரிந்த பிழைகளின் பட்டியல். சுருக்கமாகக் கெல். ஒரு பிழை ஒருமுறை பிடிபட்டால் எஸ்எஸ்சி ஆள் ஒரு கெல் எழுதுவார்: அறிகுறி இது, காரணம் இது, கூப்பிட்டால் இதைச் சொல்லுங்கள். அடுத்த முறை அதே அறிகுறியோடு யாராவது கூப்பிட்டால் முதல் படியிலேயே கெல்லைத் தேடி எடுத்துப் பேசி முடித்துவிடலாம், மேலே அனுப்ப வேண்டாம். நல்ல ஏற்பாடு. எல்லா சப்போர்ட் அமைப்புகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. டெவலப்பரின் நேரம் விலை உயர்ந்தது, ஒரே பிழைக்கு அவரை நூறு முறை எழுப்பக் கூடாது.

ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பட்டியல் ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. ஒரு பிழை எவ்வளவு அதிகமாகத் தெரிந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அந்த அழைப்பு மூடப்படும். எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணுவது யாருடைய வேலையும் இல்லை. கூப்பிடாமல், பேசாமல் தன் பையிலிருந்து பணத்தைக் கட்டிவிட்டுப் போன கிளையைத் தேடிப் போய்ச் சொல்வது நிச்சயமாக யாருடைய வேலையும் இல்லை. சப்-போஸ்ட்மாஸ்டர்கள் அந்தப் பட்டியலைப் பார்க்க முடியாது. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

*

கேலண்டர் ஸ்கொயர் என்பது ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் ஊரிலுள்ள ஒரு வணிக வளாகம். அங்கிருந்த தபால் நிலையத்தில் 2005 செப்டம்பரில் ஒரு சம்பவம். ஒரு கவுன்ட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றுகிறார்கள். இரண்டாவது கவுன்ட்டரின் திரையில் அது வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. சரி, போகவில்லை போல என்று மறுபடி மாற்றுகிறார்கள். கணக்கு முடிக்கும்போது இரண்டும் ஏறி, இல்லாத பணம் 'காணாமல்' போகிறது. காரணம் ஹொரைசனுக்கு அடியில் ஓடிய 'ரிப்போஸ்ட்' என்ற மென்பொருள். அது கவுன்ட்டர்களுக்கு இடையே தகவலைப் பிரதியெடுத்துப் பரப்பும். சில சமயம் ஒரு பூட்டு சிக்கிக்கொள்ளும், பரப்புவது நின்றுவிடும்.

இதைத் தேடிப் போனபோது ஒரு மின்னஞ்சல் அகப்பட்டது. 2006 பிப்ரவரியில் எஸ்எஸ்சியிலிருந்து ஒருவர் எழுதியது. அவர் சொல்வதன் சாரம்: இந்தப் பிரச்சினை பல வருடங்களாக இருக்கிறது, பெரும்பாலான வாரங்களில் ஏதோ சில கிளைகளைத் தாக்குகிறது. சரிசெய்த பதிப்பு 2006இல்தான் வந்தது. தீர்ப்பின்படி பிழையின் வயது சுமார் ஆறு ஆண்டு, பாதிக்கப்பட்ட கிளைகள் 30.

அந்த மின்னஞ்சலை நான் பல முறை படித்தேன். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அது ஒரு களைத்துப்போன நல்ல பொறியாளரின் குரல். அந்தக் குரல் எனக்குத் தெரியும், டீக்கடையில் கேட்டிருக்கிறேன். 'அது ரொம்ப நாளா இருக்கே.' பொறியாளருக்கு அது ஒரு பழைய எரிச்சல். அதே நேரத்தில் பிரிட்லிங்டன் என்ற கடற்கரை ஊரில் லீ காஸல்ட்டன் என்ற சப்-போஸ்ட்மாஸ்டர் சுமார் 25,000 பவுண்டுக்காக வழக்கை எதிர்கொண்டிருந்தார்.

காஸல்ட்டன் 2003இல் கடையை வாங்கினார். 2004 ஜனவரியிலிருந்து வாராவாரம் கணக்கு இடித்தது. அவர் எதையும் மறைக்கவில்லை, ஹெல்ப்லைனை 91 முறை கூப்பிட்டார். 91 டிக்கெட்! ஒரு வாடிக்கையாளர் ஒரே விஷயத்துக்குத் தொண்ணூற்றொரு முறை கூப்பிட்டால் எங்கள் ஆபீஸில் மேனேஜர் ஓடிவருவார். அங்கே மார்ச் மாதம் தணிக்கையாளர்கள் வந்தார்கள், அவரை இடைநீக்கம் செய்தார்கள். வழக்கு 2006 டிசம்பரில் நடந்தது. வக்கீலுக்குப் பணமில்லாமல் தானே வாதாடினார். போஸ்ட் ஆபீஸ் தரப்பில் சாட்சி சொல்ல எஸ்எஸ்சி பொறியாளர் ஒருவரை அழைத்துவந்தார்கள். 2004இல் காஸல்ட்டனின் கிளைப் பதிவுகளைப் பார்த்து, சிஸ்டத்தில் கோளாறுக்கான தடயம் இல்லை என்று எழுதி மூடியவர். அதையே கோர்ட்டிலும் சொன்னார். 2007 ஜனவரியில் தீர்ப்பு. கட்ட வேண்டிய பணத்தோடு எதிர்த்தரப்புச் செலவு 3,21,000 பவுண்டு. மனிதர் திவால்.

'கோளாறுக்கான தடயம் கிடைக்கவில்லை' என்பதற்கும் 'கோளாறு இல்லை' என்பதற்கும் இடையில் உள்ள தூரம் ஒரு டிக்கெட்டில் ஒரு வரிதான். நானும் முதல் வரியைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் போனில் சொன்னவன். கோர்ட்டில் அந்தத் தூரம் இன்னும் குறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஆதாரத்தைக் காட்டுபவர் அந்தக் கம்ப்யூட்டர் சரியாக இயங்கியது என்று நிரூபிக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை 1999இல் நீக்கும் சட்டத்தை நிறைவேற்றினார்கள், 2000த்தில் அமலுக்கு வந்தது. கம்ப்யூட்டர் சரி என்பதே அதற்குப் பிறகு ஆரம்பப் புள்ளி. ஹொரைசன் நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்த அதே சமயம். இதைச் சதி என்று நான் நினைக்கவில்லை, வெறும் துரதிர்ஷ்டம்தான்.

*

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் ஜோ ஹாமில்ட்டன். தொடரில் நான் பார்த்த அம்மா அவர்தான். 2,000 பவுண்டு குறைகிறது என்று கூப்பிட்டார். சொன்னபடியெல்லாம் செய்தார், 4,000 ஆனது. வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார். 2008இல் திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுவதற்குப் பதிலாகப் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போகாமலிருக்க ஊரே பணம் சேர்த்துக் கொடுத்தது.

ஏன் பொய்க்கணக்கு? இதற்கு விடை ஒரு திரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் புரியாத பற்றாக்குறையைக் கிளையிலேயே சஸ்பென்ஸ் கணக்கில் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். 2005இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் கணக்கு இடித்தால் திரையில் தெரிந்த வழிகள்: கையிலிருந்து கட்டு, அல்லது தலைமையகத்தில் கடனாக ஏற்றுக்கொள். 'இதை நான் ஏற்கவில்லை' என்று ஒரு பட்டன் கிடையாது. ஏதோ ஒன்றை அழுத்தாமல் அடுத்த நாள் கடை திறக்க முடியாது. ஏற்கவில்லை என்றால் ஹெல்ப்லைனைக் கூப்பிட வேண்டும், ஆனால் திரையில் அழுத்தியது அழுத்தியதுதான். 2019 மார்ச்சில் வந்த முதல் பெரிய தீர்ப்பில் நீதிபதி ஃப்ரேசர் இந்த இல்லாத பட்டனைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். புகார் ஒரு மென்பொருளில், கடன் இன்னொரு மென்பொருளில். புகார் நிலுவையில் இருப்பது கடனுக்குத் தெரியாது. கடன் வசூலிப்பவருக்கும் தெரியாது.

மற்ற பிழைகளை வேகமாகச் சொல்கிறேன். 2010இல் புதிய ஹொரைசன் ஆன்லைன் வந்தபோது வரவும் செலவும் பொருந்தாத ஒரு பிழை, அறுபது கிளைகள் வரை. அதைப் பற்றி போஸ்ட் ஆபீஸும் ஃபுஜித்சுவும் கூடிப் பேசிய குறிப்பு இருக்கிறது: இது வெளியே தெரிந்தால் நடக்கிற வழக்குகளைப் பாதிக்கும் என்ற கவலை அதில் பதிவாகியிருக்கிறது, கிளைக்குத் தெரியாமல் அதன் கணக்கை மாற்றுவது ஒரு யோசனையாகவும் பட்டியலில் இருக்கிறது. அதே 2010 அக்டோபரில்தான் வெஸ்ட் பைஃப்ளீட் கிளையின் சீமா மிஸ்ராமீது 74,000 பவுண்டுக்கு வழக்கு நடந்தது. கேலண்டர் ஸ்கொயர் பற்றி அவர் தரப்பு கேட்டது, அது இங்கே நடக்கவில்லை என்று பதில் வந்தது. நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை. எட்டு வாரக் கர்ப்பம், மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள்.

சஸ்பென்ஸ் கணக்குப் பிழை இன்னும் விசித்திரம். 2010ஆம் ஆண்டின் பழைய தொகைகள் அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் திதி மாதிரி திரும்பி வந்தன. முதல் தடவை அது ஃபுஜித்சுவின் காதுக்கே போகவில்லை. 2013 பிப்ரவரியில் ஒரு கிளை விடாமல் கேட்ட பிறகே காரணம் பிடிபட்டது. தேடினால் 14 கிளைகள். டால்மெலிங்டன், 2015 அக்டோபர்: 8,000 பவுண்டு பணப்பையை வரவு வைக்கிறார்கள், திரை நகரவில்லை, மறுபடி என்ட்டர், மறுபடி என்ட்டர். நான்கு முறை ஏறி, 24,000 பவுண்டு 'குறைகிறது'. பிறகு ஃபுஜித்சு திரும்பிப் பார்த்தால் ஐந்து வருடத்தில் இதே மாதிரி 112 முறை நடந்திருக்கிறது.

ஐந்து வருடம், 112 முறை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

*

இது மென்பொருள் உலகத்துக்குப் புதிய பாடம் ஒன்றும் இல்லை. 1985 முதல் 1987 வரை 'தெராக்-25' என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. டெக்சஸின் டைலர் நகர மருத்துவமனை தயாரிப்பாளரான கனடா நிறுவனத்தைக் கேட்டபோது, வேறு எங்கும் இப்படி நடந்ததாகத் தெரியாது என்றார்கள். அதற்கு முன்பே வேறு மருத்துவமனைகளிலிருந்து அவர்களுக்குப் புகார் போயிருந்தது. கடைசியில் டைலர் மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து, வேகமாகத் தட்டச்சு செய்து திருத்தினால்தான் அந்தப் பிழை வருகிறது என்று தாங்களே கண்டுபிடித்தார்கள்.

மாற்றுவழியும் இருந்தது. ஹொரைசனுக்கு ஐந்தாண்டு முன்னால், 1994இல், டெபியன் லினக்ஸ் குழுவுக்காக இயன் ஜாக்சன் ஒரு பக் கண்காணிப்பு முறை எழுதினார். எல்லாம் மின்னஞ்சல்தான், பார்க்க ஒரு அழகும் கிடையாது. பயனர் எழுதும் கடிதமே பிழைப்பதிவு, தனியாக ஒரு டிக்கெட் இல்லை. யாரும் படிக்கலாம். ஒரு டெவலப்பர் அதை மூடினால், மூடிய காரணத்தோடு கடிதம் முதலில் புகார் சொன்னவருக்குத் தானாகப் போகும். 1998இல் நெட்ஸ்கேப் வெளியிட்ட பக்ஸில்லாவும் அப்படித்தான், திறந்த கதவு. அந்தப் பயனர்கள் பெரும்பாலும் நிரலாளர்களே என்பதால் அது சாத்தியமாயிற்று என்பார்கள். இருக்கலாம். ஆனால் போஸ்ட்மாஸ்டர் கணக்கு எழுதத் தெரிந்தவர். 'இதே பிழை போன மாதம் இன்னும் நான்கு கிளைகளில்' என்ற வரியைப் படிக்க நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிறகு வணிக உலகம் இரண்டையும் தனித்தனிப் பொருளாக விற்றது. 2002இல் ஜிரா வந்தது டெவலப்பர்களுக்கு. 2007இல் கோபன்ஹேகனில் ஜென்டெஸ்க் வந்தது சப்போர்ட்டுக்கு. 2010இல் நம் சென்னையிலேயே ஃப்ரெஷ்டெஸ்க். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கடை என்றான பிறகு, இரண்டையும் இணைக்கும் செருகுகள் தனி வியாபாரம். இன்றைக்கு நான் இருக்கும் இடத்தில் அந்த இணைப்பு இருக்கிறது. டிக்கெட்டின் ஓரத்தில் பக் எண் தெரியும், பக் பக்கத்தில் எத்தனை டிக்கெட் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு சின்ன எண் தெரியும். அந்தச் சின்ன எண்ணை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் ஹொரைசனைப் படித்த பிறகு செருகுகள்மேல் எனக்குப் பழைய மரியாதை இல்லை. பிராக்னெலிலும் அழைப்பு எண் பதிவில் இருந்தது. யாருக்குக் காட்டுவது என்பதை எந்தச் செருகும் முடிவு செய்வதில்லை.

*

ஹொரைசன் கதையில் டிக்கெட்டுகளை உண்மையில் இணைத்தது யார்? முதலில் ஆலன் பேட்ஸ். வேல்ஸில் லாண்டுட்னோ பக்கத்தில் கிரெய்க்-ஒய்-டான் என்ற இடத்தில் கடை. ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் எழுதி வைக்கும் மனிதர். ஹெல்ப்லைனுக்குத் தன் கிளையிலிருந்து 507 அழைப்புகள் போயின, அதில் 85 ஹொரைசன் பற்றியவை என்று கணக்குச் சொன்னார். வாடிக்கையாளரே தன் பக்கத்தில் ஒரு டிராக்கர் வைத்திருந்தார் என்று வையுங்கள். 2003இல் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். அவரைக் குற்றவாளியாக்க முடியாததற்கு அந்தக் குறிப்பேடும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

பிறகு ஒரு பத்திரிகை. 2009 மே மாதம் 'கம்ப்யூட்டர் வீக்லி' ஏழு சப்-போஸ்ட்மாஸ்டர்களின் கதையை ஒரே கட்டுரையில் போட்டது. ஏழு டிக்கெட், ஒரு இஷ்யூ. பத்து வருடமாக இரண்டு பெரிய நிறுவனங்கள் செய்யாததை ஒரு நிருபர் போனும் நோட்டுமாகச் செய்தார். அதே நவம்பரில் இங்கிலாந்தின் நடுவில், எல்லோருக்கும் வந்துபோக வசதியாக, ஃபென்னி காம்ப்ட்டன் என்ற கிராமத்துச் சமூகக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒவ்வொருவரும் தன்னைத் தவிர யாருக்கும் வராத ஒன்றைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள்.

அங்கிருந்து 555 பேர் சேர்ந்த வழக்குக்குப் போய்ச் சேர இன்னும் ஏழெட்டு வருடம். அந்த வழக்கில் கெல் பட்டியலை வெளியே கொண்டுவருவதே ஒரு தனிப் போராட்டம். போஸ்ட் ஆபீஸ் எதிர்த்தது. அது ஃபுஜித்சுவுடையது, எங்களுடையது அல்ல என்பது மாதிரியான வாதங்கள். விசாரணை முடிந்த பிறகுகூட, 2019 அக்டோபரில், ஆயிரக்கணக்கான கெல் பதிவுகளின் பழைய வடிவங்கள் கிடைத்தன என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். 2001 முதல் 2004 வரை எஸ்எஸ்சியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ரோல் சாட்சி சொன்னார்: எங்கள் இருக்கையிலிருந்தே கிளையின் கணக்குக்குள் போய்ப் பதிவுகளைச் சேர்க்க முடியும். போஸ்ட் ஆபீஸ் பல வருடம் மறுத்துவந்த விஷயம். 2019 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது. பழைய ஹொரைசன் நம்பகமானது அல்ல. பிழைகளே இல்லை என்ற போஸ்ட் ஆபீஸின் நிலைப்பாட்டைப் பூமி தட்டை என்பதோடு ஒப்பிட்டார் நீதிபதி. கேலண்டர் ஸ்கொயரும் டால்மெலிங்டனும் பின்னிணைப்பில் ஒவ்வொன்றாக, எண் போட்டு, கிளைக் கணக்கோடு. சுருக்கமாகச் சொன்னால், ஒரு உயர்நீதிமன்ற நீதிபதி உட்கார்ந்து கெல்லையும் பீக்கையும் அழைப்புகளையும் கோர்த்துக் கொடுத்தார்.

2021 ஏப்ரலில் ஜோ ஹாமில்ட்டன், சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனை ரத்தானது. மொத்தம் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். தொடர் வந்த பிறகு 2024 மே மாதம் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தது. குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்றது 2025 ஜூலையில் வந்த ஆணைய அறிக்கை. காஸல்ட்டனுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அவருடையது கிரிமினல் வழக்கே இல்லை, சிவில்.

டீக்கடைப் பேச்சுக்குப் பிறகு நான் சீட்டுக்குப் போய் அந்தப் பேக்கரி அம்மாவின் டிக்கெட்டைத் தேடி எடுத்தேன். பாதி ரீஃபண்ட் என்று தேடியதில் மற்றவர்கள் மூடிய டிக்கெட்டுகளும் கண்ணில் பட்டன, அந்த மாதத்தில் மட்டும் மூன்று. மறுபடி திறந்தால் என் பெயரில் ஒரு ரீஓபன் ஏறும், அது மாதக் கடைசியில் மதிப்பீட்டுத் தாளில் வரும். "விடுறா, அடுத்த ரிலீஸ்ல சரியாயிடும்" என்றார் டீம் லீட் அண்ணன். சரியாகியும் விட்டது. அவர்கள் யாருக்கும் நாங்கள் எழுதவில்லை. கல்லாவில் இருந்த அந்தப் புதுப் பெண்ணிடம் அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது.